அர்த்தம் கேட்கிறவர்கள்

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறவரிடம் நமக்கு ஏனோ ஓர் அலட்சியம் இருக்கிறது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாரோ ஹாஸ்யமாக ஒன்று சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொட்டு, "என்ன சொன்னார்?" என்று விசாரிக்கிறார். அவரைப் பார்த்து எல்லோரும் இரண்டாம் முறை சிரிக்கிறார்கள். கவனித்துப் பாருங்கள், முதல் சிரிப்பைவிட இந்த இரண்டாவது சிரிப்பு கொஞ்சம் பலமாகவே இருக்கும். முதலாவது ஹாஸ்யத்துக்காகச் சிரித்தது. இரண்டாவது, நாம் அவரைப் போல் இல்லை என்ற நிம்மதியில் சிரித்தது.

அந்த மனிதரைப் பற்றிச் சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் என் மேஜைமேல் இருக்கும் இரண்டு பெரிய புத்தகங்கள்.

என் சிநேகிதர் ஒருவரின் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது இவற்றைக் கொண்டுவந்தான். "மாமா, இதற்காக என் சட்டைகளைக் குறைத்துக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தான். அவன் சொன்னதில் மிகையில்லை. இரண்டு பாகங்களும் சேர்ந்து எட்டுக் கிலோவுக்குக் குறையாது. மடியில் வைத்துப் படிக்க முடியாது; படுத்துக்கொண்டு படித்தால் மார்பு நசுங்கிவிடும். பாராயணப் புத்தகம்போல் தரையில் விரித்து வைத்து, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துதான் புரட்ட வேண்டும். இத்தனை மரியாதையோடு உட்கார்ந்து பார்த்தால் உள்ளே இருப்பது என்ன? மாடுகள். மூக்குக்கண்ணாடி போட்ட பருத்த சீமாட்டிகள். ஆராய்ச்சிக் கூடத்தில் வெள்ளைக் கோட்டுடன் அசட்டுத்தனம் செய்யும் விஞ்ஞானிகள். குகை மனிதர்கள், பாம்புகள், கரடிகள். பத்திரிகையில் தினம் ஒன்றாக வந்த கேலிச் சித்திரங்கள், 4,000-க்கு மேல்.

கேரி லார்ஸன் என்பவர் வரைந்த 'ஃபார் ஸைட்' படங்களின் முழுத் தொகுப்பு இது. 2003-ல் வெளிவந்தபோது விலை 135 டாலர். பத்திரிகைச் சித்திரத்தின் ஆயுள் ஒரு பகல். அதைப் பார்க்கிறவன் கொடுப்பது அரை நிமிஷம். மறுநாள் அந்தக் காகிதம் எதையாவது பொட்டலம் கட்டப் போய்விடும். அப்படிப்பட்ட ஒன்றுக்குக் கெட்டி அட்டையும் உறையும் போட்டு எட்டுக் கிலோவில் ஒரு கோயில் கட்டுவானேன் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றிற்று. ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து புரட்டிய பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. அது மாறிய விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

லார்ஸன் 1950-ல் வாஷிங்டன் மாநிலத்தில் டக்கோமா என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதில் அண்ணனோடு சேர்ந்து தவளையும் பல்லியும் பிடித்து வளர்த்தவர். காலேஜ் படிப்பு முடிந்த பிறகு வாத்தியக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். அந்த வேலை தமக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு நாள் உறைத்திருக்கிறது. சில நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து படம் போட்டார். 1976-ல் ஸியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஒன்று அவற்றில் ஆறு படங்களை வாங்கிக்கொண்டது. பிறகு கொஞ்ச காலம், பிராணிகளைத் துன்புறுத்துகிறவர்கள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் வேலை பார்த்தார். 1979-ல் ஸியாட்டில் நகரத்துத் தினசரி ஒன்று வாரம் ஒரு படம் வாங்கிப் போட ஆரம்பித்தது. போட்ட இடம்தான் விசேஷம்: குழந்தைகளுக்கான எழுத்துப் புதிருக்குப் பக்கத்தில்! குழந்தைகள் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கட்டத்தில் முதலையும் பாம்பும் செய்யக் கூடாதவற்றைச் செய்துகொண்டிருந்தால் பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? புகார்கள் குவிந்தன. அதே சமயத்தில் லார்ஸன் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போய் 'கிரானிகிள்' பத்திரிகையில் படங்களைக் காட்டினார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பிய சில நாட்களில், இனி உங்கள் படம் வேண்டாம் என்று பழைய பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதம் ஒரு வாரம் முந்தி வந்திருந்தால், தாம் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போகும் தைரியமே தமக்கு வந்திராது என்று பிற்பாடு அவர் சொன்னதுண்டு. மனித வாழ்க்கை சில சமயம் தபால்காரரின் நடையைப் பொறுத்திருக்கிறது.

1980 ஜனவரி 1-ம் தேதி தொடங்கிய 'ஃபார் ஸைட்' 1995 ஜனவரி 1-ம் தேதி நின்றது. நிறுத்தியவர் அவரேதான். களைத்துப் போய்ச் சுமாராகப் போட ஆரம்பித்துவிடுவோமோ என்ற பயம் காரணம். அப்போது அந்தப் படம் சுமார் 1,900 பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. 17 மொழிகளில் பெயர்க்கப்பட்டிருந்தது. இடையில் இருபதுக்கு மேற்பட்ட தொகுப்புகள் புத்தகமாக வந்து கோடிக்கணக்கில் விற்றன.

ஒரே கட்டம்; கீழே ஒரு வரி; சில சமயம் அதுவும் இல்லை. தொடர்ந்து வரும் பாத்திரங்கள் கிடையாது. நேற்றைய கட்டத்துக்கும் இன்றைய கட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு கட்டத்தில், மேதாவிக் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடத்தின் வாசலில் ஒரு பையன் முழுப் பலத்தையும் கொடுத்துக் கதவை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறான். கதவில் 'இழுக்கவும்' என்று எழுதியிருக்கிறது. இது யாருக்கும் புரியும். எல்லாப் படங்களும் அப்படியில்லை. அதிலிருந்துதான் நம் விசாரம் தொடங்குகிறது.

1982 அக்டோபரில் ஒரு நாள் வந்த படம் இது. ஒரு மாடு இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிறது. எதிரே ஒரு மேஜை. மேஜைமேல் நாலு சாமான்கள். இன்னது என்று சொல்ல முடியாத கோணல்மாணலான வடிவங்கள். ஒன்று மட்டும் பார்வைக்கு ரம்பம்போல் இருக்கிறது. பின்னால் தொழுவம். கீழே 'மாட்டுக் கருவிகள்' என்று இரண்டே வார்த்தை. அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து டெலிபோன் மணி ஓயவில்லை. கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. பத்திரிகை நிருபர்களும் வானொலி நிலையத்தாரும் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: இதற்கு என்ன அர்த்தம்? படித்தவர்கள், பாமரர்கள் எல்லோரும் கேட்டார்கள். ரம்பம் என்றால் அறுப்பது. அப்படியானால் பக்கத்தில் இருப்பது எதற்கு, அதற்கடுத்தது எதற்கு என்று உட்கார்ந்து துப்புத் துலக்கியிருக்கிறார்கள். மாடு எதைச் செய்யப் பார்க்கிறது? அரசியலா? விஞ்ஞானமா? யாருக்கும் விடை கிடைக்கவில்லை.

லார்ஸன் அப்போது தொழிலுக்கு வந்து மூன்று வருஷங்கூட ஆகவில்லை. தம் பிழைப்பு போய்விட்டது என்றே நினைத்திருக்கிறார். கடைசியில் பத்திரிகைகளுக்கு ஒரு விளக்க அறிக்கை எழுதி அனுப்பினார். அதன் சாரம் இதுதான்: இது வெறும் அசட்டுத்தனம். கருவி செய்யும் மாடு எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்தால், அது செய்யும் கருவிகளில் நயம் இருக்காது, இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, போட்டேன். புரியாமல் போனதற்கு நான்தான் பொறுப்பு.

பிற்பாடு, தொழிலில் பத்து வருஷம் ஆனதைக் குறித்து 1989-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இதை இன்னும் விஸ்தாரமாக எழுதினார். மனிதனை மற்றப் பிராணிகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவன் கருவி செய்வதுதான் என்று மானிடவியல்காரர்கள் ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். அதைத்தான் அவர் மனத்தில் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறார். நாலில் ஒன்றை ரம்பம்போல் போட்டதுதான் தப்பாகப் போயிற்று என்று தம் தவற்றையும் அதே இடத்தில் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் தெரிந்த பொருளாக இருந்ததால், மற்ற மூன்றுக்கும் பொருள் இருந்தே தீரவேண்டும் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். அவர் அந்த அறிக்கையை எழுதியது சரியா?

என் சக எழுத்தாளர்களைக் கேட்டால் பெரும்பாலோர் "சரியில்லை" என்றே சொல்வார்கள். சென்ற மாதம்வரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சிருஷ்டி செய்தவன் அர்த்தம் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த ஒரு அர்த்தம் மட்டும் நின்று, மற்ற அர்த்தங்கள் எல்லாம் செத்துவிடும். திருவள்ளுவர் தாமே உரை எழுதிவைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்துப் பரிமேலழகரும் மற்றவர்களும் எழுதினார்கள். ஒருவரோடொருவர் மாறுபட்டும் எழுதினார்கள். வள்ளுவர் வாய்திறந்து "நான் நினைத்தது இதுதான்" என்று சொல்லியிருந்தால் அத்தனை உரைகளுக்கும் இடமிருந்திராது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. படமோ கதையோ கையைவிட்டுப் போனபின் அது நம் சொல் கேட்பதில்லை என்பதும் வாஸ்தவம்.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சியமும் இருக்கிறது. 1981-ல் டேட்டன் என்ற ஊர்த் தினசரியில் 'ஃபார் ஸைட்' படத்துக்கும், பக்கத்தில் வரும் 'டெனிஸ்' என்ற குறும்புக்காரப் பையன் படத்துக்கும் கீழே உள்ள வரிகள் இடம் மாறி அச்சாகிவிட்டன. லார்ஸன் படத்தில் ஒரு பாம்புக் குடும்பம் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. குட்டிப் பாம்பு, மறுபடியும் எலிவகைக் கறிதானா என்று சலித்துக்கொள்கிறது. அந்த வரி டெனிஸ் பையனின் வாய்க்குப் போய்விட்டது. நல்ல வேளை, நான் வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டி செய்யக் கற்றுக்கொண்டேன், இல்லாவிட்டால் பட்டினிதான் என்று டெனிஸ் சொல்ல வேண்டியது பாம்பின் வாய்க்கு வந்துவிட்டது. இரண்டு படங்களுமே இதனால் இன்னும் நன்றாகிவிட்டன என்று லார்ஸனே எழுதியிருக்கிறார். அச்சுக்கோப்பில் நேர்ந்த பிசகு, படைத்தவன் வைத்த அர்த்தத்தைவிட நல்ல அர்த்தத்தைக் கொடுக்கிறது என்றால், அவன் விளக்கத்துக்கு என்ன தனி மதிப்பு?

இந்த வாதத்தையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். என்னிடம் அர்த்தம் கேட்டு வந்த ஒரு கடிதத்துக்கு அதையே பதிலாகவும் எழுதினேன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு கதை எழுதியிருந்தேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. அண்ணன் வாயில்லாப் பூச்சி. எல்லாவற்றையும் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, அந்தி நேரத்தில் கொல்லைப்புறம் போய், கிணற்று ராட்டினத்திலிருந்து தாம்புக்கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடக்கிறான். கதை அங்கே முடிகிறது. அந்தக் கயிறு அவன் தன் கையாலேயே திரித்தது என்று முதல் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. அந்த வீட்டில் அவனுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. முடிவு நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

பத்திரிகை ஆபீஸ் மூலமாக ஓர் அம்மாளின் கடிதம் வந்தது. நாலே வரி. "கதை படித்தேன். கயிற்றை எதற்காக எடுத்துக்கொண்டு போகிறான் என்று புரியவில்லை. தயவுசெய்து தெரிவிக்க வேண்டும்." நான் பதில் எழுதினேன். எழுதாமல் இருந்திருந்தால்கூடப் பாதகமில்லை. "அம்மணி, கதை முடிந்த இடத்தில் ஆசிரியனின் வேலையும் முடிந்துவிடுகிறது. மேற்கொண்டு ஊகிப்பது வாசகரின் உரிமை. அதில் நான் குறுக்கிட விரும்பவில்லை." எழுதிவிட்டு அந்த வாக்கியத்தை இரண்டு தரம் படித்து ரசித்தேன்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. "என் அண்ணாவும் பாகம் பிரித்த அன்று சாயங்காலம் ஒன்றும் பேசாமல் கயிற்றை எடுத்துக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போனார். பதினோரு வருஷம் ஆகிறது. உங்கள் கதையில் வருகிறவர் அதற்காகப் போகவில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் கேட்டேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

நான் அந்த அர்த்தத்தை நினைக்கவே இல்லை. நான் போட்டது ஒரு கயிறு. அது அவள் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. தெரிந்ததில் அவள் தப்பு ஒன்றுமில்லை. அந்தக் கடிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்தேன். பதில் எழுதக் கை வரவில்லை.

இந்த நிலைமையில்தான் எட்டுக் கிலோப் புத்தகம் வந்து சேர்ந்தது. மாட்டுக் கருவிகளின் கதையையும் படித்தேன். படித்தவுடன் எனக்கு உறைத்தது ஒன்று உண்டு. அர்த்தம் கேட்கிறவர்கள் எல்லோரையும் நான் ஒரே கூடையில் போட்டுவிட்டேன். அவர்களில் குறைந்தது மூன்று ரகம் இருக்கிறார்கள்.

முதல் ரகம், தவறு கண்டுபிடிக்கிறவர்கள். லார்ஸன் ஒரு கொசுக் குடும்பத்தைப் போட்டிருக்கிறார். ஆண் கொசு தொப்பியும் கைப்பையுமாக வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து, இன்று பாதி தேசத்துக்கு மலேரியா பரப்பிவிட்டேன் என்று மனைவியிடம் அலுத்துக்கொள்கிறது. உடனே விஞ்ஞானம் படித்தவர்கள் எழுதிவிட்டார்கள்: கடிப்பது பெண் கொசுதான், ஆண் கொசு கடிக்காது! வாஸ்தவமான திருத்தம். ஆனால் கொசு வீடு கட்டிக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு, ஆங்கிலம் பேசுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று லார்ஸன் ஆச்சரியப்படுகிறார். அவருக்கு அது வேடிக்கை. அந்த வாசகர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எத்தனை பெரிய அபத்தத்தையும் நாம் ஒப்புக்கொள்ளத் தயார், அதை நீ தெரிந்து செய்தால். தெரியாமல் செய்த சின்னப் பிழையை ஒப்புக்கொள்ள மாட்டோம். கொசுவுக்குத் தொப்பி கற்பனை. ஆண் கொசு கடிப்பது அறியாமை. இந்த வித்தியாசத்தை வாசகன் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறான். இவர்களுக்குப் பதில், "ஆமாம், தப்புத்தான்" என்பது.

இரண்டாவது ரகம், பிறர் சார்பில் கோபிக்கிறவர்கள். 1987-ல் ஒரு படம் வந்தது. பெண் சிம்பன்ஸி ஒன்று தன் புருஷன் முதுகில் பேன் பார்க்கிறது. பொன்னிற மயிர் ஒன்று கிடைக்கிறது. அந்த ஜேன் குடாலோடு மறுபடியும் 'ஆராய்ச்சி'யா என்று சந்தேகமும் பொறாமையுமாகக் கேட்கிறது. அந்த அம்மையாரைக் கொச்சையான வார்த்தையில் குறிப்பிடவும் செய்கிறது. குடால் அம்மையாரின் ஸ்தாபனத்திலிருந்து மிகக் கடுமையான கடிதம் வந்தது. அம்மையார் அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்து படத்தைப் பார்த்துவிட்டு அவர் செய்த காரியம், வாய்விட்டுச் சிரித்தது. பிறகு அந்தப் படம் அச்சடித்த சட்டைகளின் லாபம் அவருடைய ஸ்தாபனத்துக்கே போயிற்று. 1995-ல் வந்த ஒரு தொகுப்புக்கு அவர் முன்னுரையும் எழுதிக் கொடுத்தார். நடுவில் 1988-ல் லார்ஸன் கோம்பே காட்டுக்கு விருந்தாளியாகப் போனார். ஃப்ரோடோ என்ற முரட்டுச் சிம்பன்ஸி அவரைப் பிடித்துத் தள்ளிக் காயப்படுத்திற்று. படத்தைப் பற்றி நியாயமாகக் கோபித்துக்கொள்ளக் கூடிய ஒரே இனத்தின் தீர்ப்பு அதுதான் போலும்! 2025 அக்டோபரில் 91-வது வயதில் காலமாகும்வரை குடால் அம்மையாருக்கு அந்தப் படத்தின்மேல் பிரியம் குறையவில்லை. இந்த ரகத்தாருக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம் அல்ல. யார் சார்பில் கோபிக்கிறார்களோ அவர்கள்.

மூன்றாவது ரகம்தான் முக்கியம். இவர்களுக்குத் தப்புக் கண்டுபிடிக்கும் ஆசை கிடையாது, கோபமும் கிடையாது. ஊரெல்லாம் எதையோ புரிந்துகொண்டு சிரிக்கிறது, நான் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறேனோ என்ற பயத்தில் கேட்கிறார்கள். மாட்டுக் கருவிகளைப் பற்றி எழுதியவர்களில் மிகுதிப்பேர் இவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அல்லது, அந்த அம்மாளைப்போல, படைத்தவனுக்குத் தெரியாத ஒரு காரணம் அவர்களுக்கு இருக்கிறது. அதை முதல் கடிதத்தில் யாரும் எழுதமாட்டார்கள்.

லார்ஸன் அந்த நூற்றுக்கணக்கான பேருக்கும் சொன்னது என்ன? 'உங்களிடம் குறையில்லை. உள்ளே ஒளித்துவைத்த பொருள் எதுவும் இல்லை. நீங்கள் எதையும் தவறவிடவில்லை. குறை என்னுடையது.' அவர் கலையை விளக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. வெளியே நின்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வேறு விதமாகவும் அவர் நடந்துகொண்டிருக்கலாம். மர்மமாகப் புன்னகை செய்துவிட்டு, "புரிகிறவர்களுக்குப் புரியும்" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிப் பெரிய மனிதரானவர்கள் எத்தனையோ பேர். 32 வயதில், பிழைப்புப் போகும் என்ற பயத்தோடு, "இதில் ஒன்றுமில்லை" என்று சொல்ல ஒரு யோக்கியதை வேண்டும்.

விளக்கினால் படைப்புச் செத்துவிடும் என்ற வாதம் என்னவாயிற்று? மாட்டுக் கருவிகள் சாகவில்லை. 4,000 படங்களில் இன்று அதிகம் பேசப்படுவது அதுதான். புரியாத எதைப் பார்த்தாலும் அதன் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிற அளவுக்கு அது ஊறிப்போயிருக்கிறது. விளக்கத்தைப் படித்தவர்களும் சிரிக்கிறார்கள், படிக்காதவர்களும் சிரிக்கிறார்கள். உயிருள்ள படைப்பை ஒரு விளக்கம் கொன்றுவிடாது. கொன்றுவிடும் என்று நாம் பயப்படுவது படைப்பைப் பற்றிய பயந்தானா, நம் கௌரவத்தைப் பற்றிய பயமா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அந்தப் படத்துக்கு இன்னொரு பின்கதையும் சேர்ந்திருக்கிறது. மனிதன்தான் கருவி செய்யும் பிராணி என்ற எண்ணத்தை முதலில் அசைத்தவரே குடால் அம்மையார்தான். 1960-ல் கோம்பேயில் ஒரு சிம்பன்ஸி புல்லின் தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு, ஒட்டிக்கொண்டு வந்த கறையான்களைத் தின்பதை அவர் பார்த்தார். குச்சியின் இலைகளை உருவிக் கருவியாக்கிக் கொள்வதையும் பார்த்தார். இப்போது மாட்டின் முறை. 2026 ஜனவரியில் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே வெரோனிகா என்ற பசு, நீளக் காம்பு வைத்த பிரஷ்ஷை நாக்கால் பற்றித் தன் உடம்பைச் சொறிந்துகொள்வதை விஞ்ஞானிகள் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். முதுகு போன்ற தடித்த இடங்களுக்கு மயிர்ப் பக்கம். அடிவயிறு போன்ற மெல்லிய இடங்களுக்குக் காம்புப் பக்கம். கருவியில் நயம் இருக்காது என்று லார்ஸன் ஊகித்ததுகூடத் தப்பாகப் போயிற்று! 44 வருஷத்துக்கு முன் அசட்டுத்தனம் என்று அவரே கைகழுவிவிட்ட படத்துக்கு, மாடே வந்து ஓர் அர்த்தத்தைச் சேர்த்துவிட்டது. விளக்கம் சொல்லிவிட்டதால் கதவு சாத்தப்பட்டுவிடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனித் தொகுப்புப் புத்தகத்துக்கு வருகிறேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இன்று அசட்டுத்தனமாக எழுதிவிட்டால் நாளை அதை மறந்துவிடுவார்கள். தொகுப்பில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஆகையால்தான் எங்களில் பலர் தொகுப்புப் போடும்போது கத்திரிக்கோலோடு உட்காருகிறோம். லார்ஸன் நேர் எதிராகச் செய்திருக்கிறார். சரியாக வராத படங்களையும் வைத்திருக்கிறார். இதெல்லாம் ஒரு படமா என்று திட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படங்களுக்கு நடுவே அச்சிட்டிருக்கிறார். பார்த்தவர்கள் சிரித்தது, முகம் சுளித்தது, புரியாமல் விழித்தது எல்லாம் அதே பக்கங்களில் இருக்கின்றன. எட்டுக் கிலோவில் பாதி அவர்களுடைய எடை என்றுகூடச் சொல்லலாம். பத்திரிகைத் துணுக்குக்குக் கோயிலா என்று கேட்டேன் அல்லவா? கோயில் என்றால் மூலவர் மட்டுமல்ல, வாசலில் செருப்பை விட்டுவிட்டு வருகிறவர்களும் சேர்ந்ததுதான்.

அதற்காக அவர் வாசகர் சொன்னபடியெல்லாம் ஆடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. இணையம் பரவத் தொடங்கியபோது, என் படங்களை இஷ்டத்துக்கு எடுத்துப் போடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டு ஒரு கடிதம் எழுதினார். அவை தம் குழந்தைகள்போல, இரவில் எங்கே போகின்றன என்று தெரியாமல் தகப்பனுக்குத் தூக்கம் வராது என்ற தோரணையில் எழுதியிருந்தார். பல வருஷம் பிடிவாதமாக இருந்துவிட்டு 2019 டிசம்பரில் தாமே இணையத்தில் அவற்றுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். குழந்தை வளர்ந்துவிட்டால் வெளியே போகத்தான் செய்யும். ஆனால் அது எங்காவது யார் காலையாவது மிதித்துவிட்டு வந்தால், "வளர்ந்த பிள்ளை, எனக்குச் சம்பந்தமில்லை" என்று தகப்பன் சொல்ல முடியுமா? நான் அந்த அம்மாளுக்கு எழுதிய முதல் கடிதம் அப்படிப்பட்டதுதான்.

ஆக, என் அபிப்பிராயம் இப்போது இது. படைப்பு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை; சொல்லவும் கூடாது. கதையின் முடிவில் ஒரு பாராவைச் சேர்த்து, "கயிறு இன்னதற்காக" என்று எழுதினால் கதை கெட்டுவிடும். ஆனால் படைத்தவன் படைப்பு அல்ல. அவன் ஒரு மனிதன். எதிரே இன்னொரு மனிதர் வந்து நின்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கக் கலையின் பெயரைச் சொல்லி ஒளிந்துகொள்ள அவனுக்கு உரிமை கிடையாது. 'தெரியாது' என்றாவது, 'ஒன்றுமில்லை' என்றாவது, 'நான் நினைத்தது இது, நீங்கள் நினைத்ததும் தப்பில்லை' என்றாவது அவன் சொல்லலாம். இவற்றில் எதைச் சொன்னாலும் கலை ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

என் கதைத் தொகுதி ஒன்று இப்போது அச்சுக்குப் போகிறது. பாகப்பிரிவினைக் கதையை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்று சில நாள் தடுமாறினேன். சேர்த்திருக்கிறேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. கயிறு தோளில்தான் இருக்கிறது. அவன் அந்தியில் நடந்துகொண்டுதான் இருக்கிறான்.

மேஜை டிராயரைத் திறந்து அந்த அம்மாளுக்கும் எழுதிவிட்டேன். அவர் தங்கப்போகும் வாடகை வீட்டிலும் ஒரு கிணறு இருக்கிறது, அதில் கயிறு இல்லை, மறுநாள் காலையில் அவர் தண்ணீர் இறைக்க வேண்டும், அதற்காகத்தான் எடுத்துக்கொண்டு போகிறார் என்று எழுதினேன். இதைக் கதை எழுதும்போது நான் நினைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் யோசித்தேன், யோசித்ததில் அது நிச்சயமாகத் தெரிந்தது என்றும் எழுதினேன்.

பதில் வரவில்லை. அவர் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. கேட்டவர் அவர், சொல்ல வேண்டியவன் நான்.